ஆண் சிறுநீரகம், பெண் சிறுநீரகம்: குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

(நமது அறக்கட்டளையின் இலவச சிறுநீரகப் பரிசோதனை முகாமையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில், சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





"கிட்னியைக் காப்பாத்துறது எப்படின்னு ஒரு அரை மணி நேரம் பேசுங்க டாக்டர்" என்றுதான் நிர்வாகிகள் என்னைக் கூப்பிட்டார்கள். சுகரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் செய்வதில்லை, அது வேறு விஷயம்.

இன்று நான் பேச வந்தது அதிகம் பேசப்படாத ஒன்று. ஆணின் சிறுநீரகமும் பெண்ணின் சிறுநீரகமும் எல்லா விதத்திலும் ஒன்றுபோல இல்லை. ஒரே நோய், ஒரே வீட்டில், அண்ணனை ஒரு மாதிரியும் தங்கையை வேறு மாதிரியும் தாக்கும். இது தெரியாததால் சில வீடுகளில் மருமகள் மேல் பழி விழுகிறது. சில வீடுகளில் கொடுக்கக் கூடாத தாய் தன் கிட்னியைக் கொடுக்க முன்னால் வந்து நிற்கிறாள். இன்னும் சில வீடுகளில் பெண்ணுக்கு நோய் இருப்பது பல வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

முதலில் எல்லோர் கையிலும் இருக்கும் லேப் ரிப்போர்ட்டில் இருந்து தொடங்குகிறேன்.

"உப்பு" எவ்வளவு?

நம் ஊரில் "கிட்னியில் உப்பு ஏறிவிட்டது" என்பார்கள். அந்த உப்பு சமையல் உப்பு கிடையாது. கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம். தசைகள் வேலை செய்யும்போது அது உண்டாகிறது, ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிப்பது குறைந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். (சமையல் உப்பையும் குறைக்கத்தான் வேண்டும், அது பிரஷருக்காக.)

கிரியாட்டினின் தசையில் இருந்து வருகிறது என்று சொன்னேன் அல்லவா? பொதுவாக ஆணுக்குத் தசை அதிகம், பெண்ணுக்குக் குறைவு. ஆகவே இருவர் ரத்தத்திலும் ஒரே அளவு கிரியாட்டினின் இருந்தால், பெண்ணின் சிறுநீரகம் குறைவாக வடிக்கிறது என்று அர்த்தம். உற்பத்தியே குறைவாக இருந்தும் அவ்வளவு தேங்கியிருக்கிறதே!

ஒரு கணக்கு சொல்கிறேன். கணவருக்கு 55 வயது, மனைவிக்கும் 55 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் கிரியாட்டினின் 1.2. பல லேப்களில் "0.6 முதல் 1.2 வரை நார்மல்" என்று ஒரே அளவை அச்சிட்டிருப்பார்கள். இருவரும் சந்தோஷமாக ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள். மருத்துவர்கள் பலர் இப்போது பயன்படுத்தும் 2021ஆம் ஆண்டு சூத்திரத்தில் போட்டால், கணவரின் சிறுநீரகம் நிமிடத்திற்குச் சுமார் 71 மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மனைவியுடையது சுமார் 53 மில்லிதான். 60க்குக் கீழே மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். கணவர் வீட்டுக்குப் போகலாம். மனைவி மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணோ ஒன்றுதான்.

வயதான, மெலிந்த பாட்டிமார்களிடம் இது இன்னும் ஏமாற்றும். 75 வயதில் 40 கிலோ எடையுள்ள ஒரு நன்னியம்மாவுக்கு 1.0 என்றுகூட வரும், ஆனால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, வெறும் கணக்குதான்.

இன்னொரு புதிரும் உண்டு. உலக அளவில் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் டயாலிசிஸ் படுக்கையில் படுத்திருப்பவர்களில் ஆண்கள் அதிகம். ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது என்பது ஒரு காரணம். பெண்ணின் ஹார்மோன்கள் சிறுநீரகத்துக்கு ஓரளவு பாதுகாப்பு தருகின்றன, ஆண்களிடம் புகைப்பழக்கமும் பிரஷரும் அதிகம் என்றெல்லாம் விளக்கம் சொல்கிறார்கள். நான் இருபது வருடமாகப் பார்ப்பதை வைத்துச் சொன்னால், இன்னொரு காரணமும் இருக்கிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆட்டோ கூலி, கூட வர ஒரு ஆள், மருந்துச் செலவு. வீட்டில் ஆணுக்கு என்றால் நகையை அடகு வைக்கிறார்கள். பெண்ணுக்கு என்றால் அவளே "எனக்கு வேண்டாம், பிள்ளைங்க படிப்பைப் பாருங்க" என்று சொல்லிவிடுகிறாள். இதற்கு மரபணு காரணம் எதுவும் இல்லை.

குரோமோசோம் கணக்கு

இனி மரபணு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கஷ்டமான பாடம் இல்லை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் மரபுச் செய்திகளை வைத்திருக்கும் குரோமோசோம்கள் 23 ஜோடி இருக்கின்றன. அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். உம்மாவிடம் இருந்து ஒரு எக்ஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வாப்பாவிடம் இருந்து எக்ஸ் வந்தால் மகள், ஒய் வந்தால் மகன். மகளாகப் பெற்றாள் என்று மருமகளைக் குறைசொல்லும் மாமியார்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள்!

சிறுநீரகத்துக்குத் தேவையான சில முக்கியமான மரபணுக்கள் அந்த எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. அங்கே ஒரு கோளாறு இருந்தால் பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுக்கும். ஆணுக்கு மாற்று இல்லை, இருப்பது ஒன்றுதான். அதனால் அவனை நோய் முழு வேகத்தில் தாக்கும்.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருந்தாலும், ஒவ்வொரு செல்லிலும் ஒன்று பெரும்பாலும் அணைந்துதான் இருக்கும். இதை 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். எந்த எக்ஸ் அணையும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆகவே கோளாறான மரபணு உள்ள பெண்ணின் சிறுநீரகத்தில் சில இடம் நல்லதாகவும் சில இடம் பழுதாகவும் கலந்திருக்கும். ஒருத்திக்கு நல்ல பகுதி அதிகம் அமையும். அவள் 80 வயதுவரை ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிடுவாள். அவளுடைய சொந்தச் சகோதரிக்குப் பழுதான பகுதி அதிகம் அமைந்துவிடும். அவளுக்கு 45 வயதிலேயே சிறுநீரகம் செயலிழக்கும்.

ஆல்போர்ட் என்ற மருத்துவர்

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஆல்போர்ட் நோய். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த சிசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் சிறுநீரில் ரத்தம் போனது. அவர்களுடைய சிறுநீரைப் பற்றி அவருக்கு முன்பே வேறு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். இவர் கூடுதலாக இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, அவர்களில் பலருக்குக் காது மந்தம். மற்றொன்று, ஆண்கள் இளவயதிலேயே இறந்துபோகிறார்கள், பெண்களோ முதுமைவரை வாழ்கிறார்கள். மரபணுவைப் பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், வீட்டில் யார் யார் எப்போது இறந்தார்கள் என்று உட்கார்ந்து விசாரித்தே இதைக் கண்டுபிடித்தார். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது 1990இல்தான் உறுதியானது.

ஒரு சின்ன விலகல். இதே ஆல்போர்ட் பிறகு எகிப்துக்குப் போய் கெய்ரோவில் பேராசிரியராக இருந்தார். அங்கே மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் சண்டை போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. ஊர் திரும்பி 1946இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மருத்துவப் பாடநூல்களில் நோயின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, இந்தக் கதை இல்லை. இதுபோன்ற ஒரு அறக்கட்டளையின் கூட்டத்தில் சொல்லத் தோன்றியது.

நோய் என்ன செய்கிறது? தேங்காய்ப் பால் பிழிய வெள்ளைத் துணி வைத்திருப்பீர்கள். அதன் நூல் இற்றுப்போனால் பாலோடு சக்கையும் இறங்கிவிடும். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிக்கும் சல்லடையும் ஒரு துணி மாதிரிதான். அந்தத் துணியின் நூல் கொல்லாஜன் என்ற புரதம். ஆல்போர்ட் நோயில் அந்த நூலே பலவீனமாக நெய்யப்படுகிறது. முதலில் ரத்த அணுக்கள் கசியும், பிறகு புரதம் கசியும், கடைசியில் துணி தழும்பாகி அடைத்துக்கொள்ளும். இதே நூல் உள்காதிலும் கண்ணிலும் இருக்கிறது. அதனால்தான் காது மந்தமாகிறது, சிலருக்குக் கண்ணின் லென்ஸ் வடிவம் மாறுகிறது.

ஐரோப்பாவில் சுமார் 200 குடும்பங்களை வைத்து 2000லும் 2003லும் வெளியிட்ட ஆய்வுகளில் வந்த எண்களைச் சொல்கிறேன். எக்ஸ் வழியாக வரும் இந்த நோய் உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு 25 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. 40 வயதுக்குள் நூற்றில் 90 பேருக்கு. பெண்களில் 40 வயதுக்குள் நூற்றில் 12 பேர், 60 வயதுக்குள் நூற்றில் 30 பேர். பெண்களை "கேரியர்" என்று, அதாவது நோயைச் சுமந்து மகனுக்குக் கொடுப்பவள் மட்டும்தான் என்று, மருத்துவர்களே வெகுகாலம் சொல்லிவந்தோம். நூற்றில் 30 பேருக்குச் சிறுநீரகம் போகிறது என்றால் அவள் வெறும் சுமைதாங்கியா? இப்போது அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அவளும் நோயாளிதான், வருடாவருடம் பார்க்கப்பட வேண்டியவள்தான்.

ஒரு குடும்பம்

அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக, பல குடும்பங்களில் பார்த்ததை ஒரே குடும்பமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

பையனுக்கு 17 வயது. வாந்தி, மூச்சு வாங்குகிறது என்று கொண்டுவந்தார்கள். கிரியாட்டினின் 9. உடனே டயாலிசிஸ். விசாரித்தபோது உம்மா சொன்னார்: சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலே சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும், "சூடு" என்று இளநீர் கொடுப்போம். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் "பையன் கவனிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று புகார். யாரும் காதைச் சோதிக்கவில்லை; அடிதான் வாங்கினான். உம்மாவின் தம்பி ஒருவர் 26 வயதில் "கிட்னி சுருங்கி" மவுத்தாகியிருக்கிறார். அவருக்கும் காது மந்தம்.

வாப்பா சவூதியில் ஓட்டுநர். உம்மாவுக்கு 41 வயது. என் அறைக்குள் வந்ததும் முதல் வார்த்தையே, "டாக்டர், என் கிட்னிய எடுத்து என் மகனுக்கு வைங்க." கூட வந்த மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவ வீட்டு நோய்தானே, அவளே கொடுக்கட்டும்" என்றார்.

உம்மாவின் சிறுநீரைச் சோதித்தோம். ரத்தம் கசிந்தது, புரதமும் கசிந்தது. மகனுக்கு வந்த அதே கோளாறு அவரிடம் அமைதியாக இருந்திருக்கிறது, 41 வருடமாக அவருக்கே தெரியாமல். அவருடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால், மீதியுள்ள பழுதான ஒன்றின் மேல் முழுப் பாரமும் விழும். மகனுக்கு வைப்பதும் பழுதான சிறுநீரகம்தான். வேறு வழியே இல்லாத நிலையில்தான் இப்படிப்பட்ட தாயைக் கொடையாளியாக யோசிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். "முடியாதும்மா" என்றேன். அவர் அழுத அழுகையை இங்கே விவரிக்க வேண்டாம். "என்னாலதான் வந்துச்சு, நான் கொடுக்கவும் கூடாதுன்னா நான் எதுக்கு?" என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். எந்த எக்ஸைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. இந்தக் கோளாறு உள்ள தாயின் ஒவ்வொரு மகனுக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு மகளுக்கும் அதே இரண்டில் ஒரு வாய்ப்பு. சில பிள்ளைகளுக்குத் தாயிடமே இல்லாமல் புதிதாகவும் தோன்றுகிறது. நோயுள்ள தந்தையின் கணக்கு வேறு: அவருடைய மகன்கள் ஒருவருக்கும் போகாது, மகள்கள் எல்லோருக்கும் போகும்.

அந்தக் குடும்பத்தில் வாப்பாவுக்கு இந்த நோயோடு சம்பந்தமே இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது அவரைத்தான். ஊருக்கு வரவழைத்தோம். "நான் சம்பாதிக்கிற ஆள், என்னை எப்படி" என்று முதலில் தயங்கினார். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, "எடுத்துக்கங்க டாக்டர், லாரி ஓட்டாட்டி ஆட்டோ ஓட்டிக்கிறேன்" என்றார். பரிசோதனைகள் பொருந்தின. பையன் இப்போது காதுக்கருவி வைத்துக்கொண்டு டிப்ளமோ படிக்கிறான்.

கதை அங்கே முடியவில்லை. அவனுக்கு 20 வயதில் ஒரு அக்கா, நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய சிறுநீரைச் சோதிக்கலாம் என்றதும் வீடே அமைதியாகிவிட்டது. "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்றார்கள். சோதிக்காமல் விட்டால் நோய் இல்லாமல் போய்விடுமா? ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்கள். சிறுநீரில் ரத்தம் இருந்தது, புரதம் இல்லை, பிரஷர் சரியாக இருந்தது. இந்த நிலையில் அவளுக்கு மருந்துகூடத் தேவைப்படவில்லை. வருடம் ஒருமுறை சிறுநீர், பிரஷர், கிரியாட்டினின் பார்த்தால் போதும். புரதம் கசியத் தொடங்கினால் ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சீக்கிரமே தொடங்கினால் அவை சிறுநீரகம் செயலிழப்பதைப் பல வருடம் தள்ளிப்போடுகின்றன. அந்தப் பையனுக்கு எட்டு வயதில் தெரிந்திருந்தால் 17 வயதில் டயாலிசிஸ் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பெண்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. ராமிப்ரில், எனாலப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிரஷருக்கோ புரதத்துக்கோ இவற்றைச் சாப்பிடும் இளம் பெண்கள், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் தொடரவும் வேண்டாம்.

சொந்தத்தில் திருமணம்

"சொந்தத்துல கட்டினதாலதான் இது வந்துச்சா டாக்டர்?" என்று கேட்காதவர்கள் இல்லை. எக்ஸ் வழியாக வரும் வகைக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமில்லை. வாப்பா யாராக இருந்தாலும் உம்மாவின் எக்ஸில் இருப்பது மகனுக்குப் போகும்.

ஆனால் ஆல்போர்ட் நோயில் இரண்டாவது வகை ஒன்று உண்டு. அதன் மரபணுக்கள் இரண்டாவது குரோமோசோமில் இருக்கின்றன. அதில் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே கோளாறு ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமி மகன், மாமா மகள் என்று கட்டும் வீடுகளில் இருவரும் ஒரே பாட்டனாரிடம் இருந்து அதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுதல். இந்த வகையில் பெண் பிள்ளைக்குச் சலுகை எதுவும் கிடையாது; ஆணைப் போலவே இளவயதில் முழு வேகத்தில் தாக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு வராது" என்று நினைத்துப் பெண்ணைச் சோதிக்காமல் விடும் வீடுகளில் இது பெரிய அநியாயத்தில் முடியும்.

அதேபோல் நீர்க்கட்டிச் சிறுநீரகம் என்று அடிக்கடி கேள்விப்படும் நோய். பெரியவர்களுக்கு வரும் வகையில் வாப்பா, உம்மா யாரிடம் இருந்தாலும் மகனுக்கும் மகளுக்கும் சரிசமமாக இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே ஒரு வீட்டின் கணக்கை வைத்து இன்னொரு வீட்டுக்குப் பலன் சொல்லாதீர்கள். எந்த நோய் என்று பெயர் தெரிந்த பிறகுதான் கணக்கு.

சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று மேடையில் உத்தரவு போட நான் வரவில்லை. பேச்சு எடுக்கும் முன்பு, நம் பக்கத்தில் இளவயதில் டயாலிசிஸுக்குப் போனவர் உண்டா, காது மந்தமும் கிட்னி நோயும் சேர்ந்து இருந்தவர் உண்டா என்று பெரியவர்களைக் கேளுங்கள். நம் வீட்டு நன்னிமார்களுக்கு மூன்று தலைமுறை மவுத்து விவரம் மனப்பாடம். ஆல்போர்ட் செய்ததும் அதைத்தான்.

கொடுப்பவள் யார், வாங்குபவர் யார்

நம் நாட்டில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,000க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்று அறுவைகளில் உறுப்பைப் பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். உம்மா, மனைவி, சகோதரி.

இதில் உடல் சார்ந்த காரணமும் கொஞ்சம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற பெண்ணின் ரத்தத்தில், கணவரின் திசுக்களுக்கு எதிரான பொருட்கள் உருவாகியிருக்கலாம். பிள்ளை பாதி அவருடையது அல்லவா. அதனால் கணவரோ பிள்ளையோ அவளுக்குக் கொடுக்க முன்வந்தாலும் சில சமயம் பொருந்தாது. ஆனால் இந்தக் காரணம் ஐந்தில் நான்கு என்ற கணக்கை விளக்கப் போதாது. மனைவிக்குக் கொடுக்க முன்வந்து, பரிசோதனைக்கு வந்து, பொருந்தாமல் போன கணவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கே வராத கணவர்கள்தான் அதிகம்.

இன்னும் பிள்ளை பெற வேண்டிய வயதில் இருக்கும் பெண் தானம் செய்வதாக இருந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் நூற்றில் 11இல் பிரஷர் சிக்கல் வந்தது. கொடுக்காத ஆரோக்கியமான பெண்களிடம் நூற்றில் 5. பெரும்பாலோருக்குப் பிரசவம் நல்லபடியாகவே நடந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன்பு இது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமனாருக்குக் கொடு, மச்சானுக்குக் கொடு என்று இளம் மருமகளை வற்புறுத்துவது என்னைப் பொறுத்தவரை கொடுமை. சட்டத்தின்படியும் கொடையாளியின் சொந்தச் சம்மதம் வேண்டும். அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்போம். "விருப்பமில்லை" என்று ரகசியமாகச் சொன்னால், "மருத்துவக் காரணத்தால் எடுக்க முடியாது" என்று மட்டும்தான் வீட்டாரிடம் சொல்வோம்.

மார்க்கத்தில் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது. கொடுப்பவரின் உயிருக்கு ஆபத்து இருக்கக் கூடாது, விலைக்கு விற்கக் கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை. மேற்கொண்டு உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி நேரத்தில்

பெண்கள் பகுதியில் இருந்து ஒரு சகோதரி, "எனக்குச் சிறுநீரில் புரதம் போகுது, நோன்பு வைக்கலாமா?" என்று எழுதிக் கேட்டார். சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்து, பிரஷரும் சுகரும் கட்டுப்பாட்டில் இருந்தால் பலர் வைக்க முடிகிறது. இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருப்பவர்கள், சமீபத்தில் மாற்று அறுவை செய்தவர்கள் வைப்பது ஆபத்து. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே வந்து ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் பிறை பார்த்த அன்று ராத்திரி போன் செய்தால் நான் என்ன சொல்ல முடியும்?

இன்னொருவர் கேட்டார், "மகளுக்கு இப்படி ஒரு மரபணு இருந்தால் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?" சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. அதை எப்படிச் சொல்வது என்பது முக்கியம். "மகளுக்கு நோய்" என்று கிசுகிசுத்தால் பயப்படுவார்கள். இரு வீட்டாரும் சேர்ந்து மருத்துவரிடம் வந்து உட்கார்ந்தால், அவளுக்கு என்ன பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு எந்த வயதில் சோதிக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதியே கொடுப்போம். நான் சொன்ன அந்தப் பெண்ணின் மாப்பிள்ளை வீட்டார் அப்படி வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். நிக்காஹ் நடந்தது.

இப்போது வெளியே மேசையில் சிறு குப்பிகள் வைத்திருக்கிறார்கள். பையன்களை மட்டும் அனுப்பாதீர்கள், பெண் பிள்ளைகளும் வரட்டும். மாதவிலக்கு நாட்களில் சோதித்தால் ரத்தம் இருப்பதாகத் தப்பாகக் காட்டும். அந்தச் சகோதரிகள் குப்பியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, முடிந்து சில நாள் கழித்து, காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து அலுவலகத்தில் கொடுத்தால் போதும். குப்பியின் மேல் பெயரோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.